வந்த வரிசை

மேனேஜர்: ...கதவு பூட்டியிருக்கு, ஆபீஸ் மொத்தமும் வெளிய நிக்குது, சாவி என் பையில இருக்கு. திறந்தேன். இதுல என்னம்மா தப்பு?

சிஸ்டம்: எந்தச் சாவியைச் சொல்றீங்க சார்?

மேனேஜர்: நீங்கதானே உறையில போட்டு ஒட்டிக் குடுத்தீங்க. மெஷினையே திறக்கற ரூட் பாஸ்வேர்டு, பத்திரமா வெச்சுக்குங்கன்னு.

சிஸ்டம்: அது ஆபத்துக்கு சார். ஆபீஸ் தீப்பிடிச்சுது, நான் செத்துப்போயிட்டேன், அந்த மாதிரி...

புரூஃப்: வாயைக் கழுவு. ...அதாவது, காலங்காத்தால அப்படியெல்லாம் பேசாதீங்க மேடம்.

மேனேஜர்: இதைவிட என்ன ஆபத்து வேணும்? என் பேரைப் போடறேன், தப்புங்குது. மறுபடி போடறேன், மறுபடியும் தப்புங்குது. பொறந்ததுலேர்ந்து இருக்கற பேரு. எழுதறவங்க, படம் போடறவங்க, கணக்கு பாக்கறவங்க, ஒருத்தரையும் உள்ள விடமாட்டேங்குது.

சிஸ்டம்: நேத்து லீவுன்னு மெயின் மெஷினை ஓட்டற யூனிக்ஸைப் புதுசுக்கு மாத்தினேன். மாத்தறப்ப அது ஆளுங்க பேர் இருக்கற ஃபைலைத் துடைச்சுட்டுப் புதுசா ஒண்ணு வெச்சிடும். எதிர்பாத்ததுதான் சார். பழசைக் காப்பி எடுத்து வெச்சிருக்கேன். இன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்து போட்டுடலாம்னு இருந்தேன்...

மேனேஜர்: வந்தீங்களா?

சிஸ்டம்: பஸ் நின்னுபோச்சு.

புரூஃப்: ஆமா சார், பஸ் டயர் போச்சு. பாதி வழியில இறங்கி ரெண்டு பேரும்... நான் தனியா நடந்து வந்தேன். மேடம் முன்னாடி போயிட்டிருந்தாங்க. தூரத்துலேர்ந்து பாத்தேன்.

மேனேஜர்: தூரத்துலேர்ந்து. சரி. உங்களை யாருய்யா கேட்டது? புரூஃப் ரீடருக்கு மெஷின் ரூம்ல என்ன வேலை?

புரூஃப்: என் பக்கத்தைக் காணோம் சார். நாம போடற அகராதியில ‘ம’ முழுசும் என் ஃபோல்டர்லதான் இருக்கு. திறந்தா, உனக்கு உரிமை இல்லங்குது. சாயங்காலம் அச்சகத்துக்குப் போகவேண்டியது.

மேனேஜர்: கேட்டீங்களாம்மா? முதலாளி ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா மெஷினை வெளியாளுங்ககிட்ட ஒப்படைச்சுடச் சொல்றார். உங்க சோதனைக் காலம் வேற இன்னியோட முடியுது. அப்புறம் நான் உங்களுக்காக எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசறது?

சிஸ்டம்: மத்தியானம் வரைக்கும் எதுக்கு சார். நீங்க என்ன பண்ணினீங்கன்னு மட்டும் ஒளிக்காம சொல்லுங்க.

மேனேஜர்: ஒளிக்க என்ன இருக்கு? மெஷினோட வந்த புத்தகத்தைப் பாத்தேன். ஆள் சேக்கறதுக்கு ஒரு கட்டளை இருந்துச்சு. எல்லாரையும் புதுசா சேத்தேன். எல்லாருக்கும் ‘வெல்கம்’னு ஒரே பாஸ்வேர்டு.

சிஸ்டம்: ஐயோ.

மேனேஜர்: இருங்க. உள்ள போயிட்டாங்கல்ல? அதைச் சொல்லுங்க.

சிஸ்டம்: போனாங்க. அவங்கவங்க வீட்டுக்குப் போகல. எந்த வரிசையில சேத்தீங்க?

மேனேஜர்: வரிசையா... முறைப்படிதான். பதவி வரிசை. முதல்ல நான். அப்புறம் ஆசிரியர். அப்புறம் துணை ஆசிரியருங்க. படக்காரர், கணக்கு, அப்புறம் இவர்...

புரூஃப்: கணக்குக்கும் கீழயா சார் நான்?

மேனேஜர்: அட, இப்ப அதுவா முக்கியம்?

சிஸ்டம்: அதுதான் சார் முக்கியம். இந்த மெஷினுக்குப் பேர் ஒரு பொருட்டே இல்ல. பேர் நமக்காக வெச்சிருக்கு. அதுக்குத் தெரிஞ்சது நம்பர். ஒரு ஃபைல் யாருதுன்னு கேட்டா நம்பரைத்தான் எழுதி வெச்சிருக்கும். நம்பரை யார் வெச்சிருக்காங்களோ, ஃபைல் அவங்களோடது.

மேனேஜர்: சரி, நானும் நம்பர் குடுத்திருக்கேனே. அதுவா குடுத்துச்சு.

சிஸ்டம்: அதுவா குடுத்தா ஆயிரத்துலேர்ந்து வரிசையா குடுக்கும். அந்தக் காலத்துலயும் அப்படித்தான் குடுத்துச்சு. ஆனா பதவி பாத்து இல்ல. யார் முதல்ல வந்தாங்களோ அவங்களுக்கு முதல் நம்பர். நீங்க மேனேஜர்ங்கறது அதுக்குத் தெரியாது சார்.

மேனேஜர்: அப்ப ஆயிரம் யாருது?

சிஸ்டம்: இதோ, பழைய காப்பியில... ஆயிரம்... புரூஃப் சார்.

புரூஃப்: நானா?

சிஸ்டம்: நீங்கதான் முதல் ஆள்.

புரூஃப்: இருக்கும் இருக்கும். இந்த மெஷின் வந்து இறங்கினப்போ ஒருத்தனும் கிட்ட வரலியே. கை வெச்சா ஷாக் அடிக்கும்னான் ஒருத்தன். கண்ணு போயிடும்னான் இன்னொருத்தன். நான்தான் போய் உக்காந்தேன். அந்த நாற்காலி இன்னும் இருக்கு. சார், அதுல சாயாதீங்க, பின்கால் ஆடும்.

மேனேஜர்: என் பழைய நம்பர்?

சிஸ்டம்: நீங்க இங்க வந்து சேந்தப்போ உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இருந்திருக்காங்க. ஏழாவது நீங்க. இப்ப அந்த ஏழாவது நம்பர்... நீங்க போட்ட வரிசைப்படி பாத்தா... புரூஃப் சாருக்குப் போயிருக்கு.

மேனேஜர்: அப்படின்னா?

சிஸ்டம்: அப்படின்னா காலைலேர்ந்து உங்க ஃபோல்டர் புரூஃப் சாருக்குத் திறக்கும். புரூஃப் சாரோடது உங்களுக்குத் திறக்கும். ரெண்டு பேரும் வீடு மாறிக்கிட்டீங்க.

மேனேஜர்: நீங்க என் ஃபோல்டரைத் திறந்தீங்களாய்யா?

புரூஃப்: ‘ம’வைத் தேடி எல்லாத்தையும் தட்டினேன் சார். ஒண்ணு திறந்துச்சு. என்னோடது இல்லன்னு தெரிஞ்சதும் மூடிட்டேன். எதையும் பாக்கல. நீங்க?

மேனேஜர்: நானா? சே. நானும் எதையும் பாக்கல.

சிஸ்டம்: ரெண்டு பேருக்கும் ஏன் இப்படி வேர்க்குது? இந்த ரூம்ல ஏசி பதினெட்டுல ஓடுது.

மேனேஜர்: போன் அடிக்குது. முதலாளியாத்தான் இருக்கும். நான் பேசிட்டு வரேன். நீங்க வேலையைப் பாருங்க. ...புரூஃப் சார், நீங்க வரல?

புரூஃப்: இல்ல சார்... எனக்கு வெளிய புழுக்கமா இருக்கு. இங்கயே நிக்கறேன்.

மேனேஜர்: நில்லுங்க, நில்லுங்க.

சிஸ்டம்: ...போயிட்டாரா?

புரூஃப்: போயிட்டார். கதவைச் சாத்தட்டுமா?

சிஸ்டம்: சாத்துங்க. ஏம்ப்பா, உங்களுக்கு அறிவே கிடையாதா? ‘வாயைக் கழுவு’ங்கறீங்க, ‘ரெண்டு பேரும்’ங்கறீங்க. இன்னும் கொஞ்சம் விட்டா என் தலையை வாரிவிட்டுட்டுப் போவீங்க போல.

புரூஃப்: செத்துப்போயிட்டேன்னு சொன்னா நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா? பெத்தவன்கிட்ட பேசற பேச்சா அது?

சிஸ்டம்: இங்க நீங்க பெத்தவர் இல்ல, புரூஃப் சார். ஒரு ஆபீஸ்ல ஒரு குடும்பத்துலேர்ந்து ஒருத்தர்தான்ங்கறது முதலாளி போட்ட சட்டம். உங்களுக்கே தெரியும். இன்னிக்கு ஒரு நாள் தாண்டணும்ப்பா. இன்னிக்கு நிரந்தரம் ஆகலைன்னா அவ்ளோதான், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

புரூஃப்: ஆறு மாசமா வாயைத் தெச்சுக்கிட்டுதானே இருக்கேன். ஒரே வீட்டுலேர்ந்து கிளம்பி, ஒரே பஸ்ல முன்னாடி நீ பின்னாடி நான். கேட்ல நீ ‘குட்மார்னிங் சார்’ங்கறே, நான் ‘வணக்கம் மேடம்’ங்கறேன். உங்க அம்மா சிரிச்சு சிரிச்சு மாளல.

சிஸ்டம்: இன்னும் ஒரு மணி நேரம். பேசாம நில்லுங்க.

புரூஃப்: நிக்கறேன். ...அந்தக் கணக்குக்காரர் இருக்காரே, போன வாரம் என்கிட்ட வந்து, ‘சிஸ்டம் பொண்ணு கெட்டிக்காரி சார், எந்த வீட்டுப் பொண்ணோ’ன்னார். எந்த வீட்டுப் பொண்ணோ! எனக்கு எப்படி இருந்திருக்கும்? டீயை மடக்குன்னு குடிச்சு நாக்கைச் சுட்டுக்கிட்டேன்.

சிஸ்டம்: அப்பா...

புரூஃப்: சரி, சரி. ...என்னம்மா அது, ஏதோ கிறுக்கல் கிறுக்கலா?

சிஸ்டம்: இதுதான் எல்லாரோட பாஸ்வேர்டும்.

புரூஃப்: ஐயையோ. என்னோடதும் இருக்கா? படிச்சுட்டியா?

சிஸ்டம்: யாராலயும் படிக்க முடியாது. மிக்ஸில போட்டு அரைச்ச மாதிரி இது. திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. ஆனா நீங்க அதே பாஸ்வேர்டை அடிச்சா அது மறுபடியும் அரைச்சுப் பாக்கும். அதே பொடி வந்தா, ஆள் சரி, உள்ள வான்னு விடும். அதனால இந்தக் கிறுக்கலை அப்படியே எடுத்து வெச்சாப் போதும். யாருக்கும் புதுசு குடுக்க வேணாம், யாரும் எதையும் மறக்க வேணாம்.

புரூஃப்: அப்ப அந்தப் பழைய ஃபைலை அலேக்கா தூக்கி இங்க வெச்சுட வேண்டியதுதானே? உக்காந்து வரி வரியா பாக்கறியே.

சிஸ்டம்: வெச்சா, புது மெஷினுக்குன்னு உள்ளயே வேலை பாக்கற ஆளுங்க சில பேர் வந்திருக்காங்க, நிஜ ஆளுங்க இல்ல, வெறும் பேருங்க. தபால் அனுப்பறதுக்கு ஒண்ணு, பிரிண்டருக்கு ஒண்ணு. அவங்க வெளிய போயிடுவாங்க. அதனால புதுசுலேர்ந்து அவங்க வரி. பழசுலேர்ந்து நம்ம ஆளுங்க வரி மட்டும். ஒரு புள்ளி மாறக்கூடாது.

புரூஃப்: இது புரூஃப் பாக்கறதுதான்ம்மா.

சிஸ்டம்: அதான். நீங்க ஞாயித்துக்கிழமைகூட கட்டில்ல சாஞ்சுக்கிட்டு ஒரு வரியை மூணு தடவை பாப்பீங்களே. பாத்துப் பாத்து எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கிச்சு.

புரூஃப்: வியாதியா? ...நல்ல வியாதி. ...காலைல அவர் ஃபோல்டர்ல ஒண்ணு கேட்டேன் தெரியுமா? மேனேஜர்...

சிஸ்டம்: சொல்லாதீங்க.

புரூஃப்: சிரிப்பு தாங்கலம்மா, ஒரே ஒரு...

சிஸ்டம்: அடுத்தவங்க ஃபோல்டர்ப்பா. என் வேலையே அதை யாரும் பாக்காம காக்கறது. என்கிட்டயே சொல்வீங்களா?

புரூஃப்: ...சரி. சொல்லல. நீ சொன்னா சரிதான்.

மேனேஜர்: கதவை ஏன்ய்யா சாத்தி வெச்சிருக்கீங்க?

புரூஃப்: ஏசி வெளிய போகுது சார்!

மேனேஜர்: முதலாளி லைன்லயே இருக்கார். ‘என்னாச்சு, என்னாச்சு’ன்னு கேட்டுக்கிட்டு. வெளியாளை வரச்சொல்லட்டுமாங்கறார். என்ன பதில் சொல்ல?

சிஸ்டம்: ரெண்டு நிமிஷம் சார். நீங்க சேத்த ஆளுங்களை எடுத்துட்டேன். பழைய ஆளுங்களைப் பழைய நம்பரோட வெச்சுட்டேன். காலைலேர்ந்து யாராவது எதையாவது சேவ் பண்ணியிருந்தா அது மாறின நம்பர்ல இருக்கும், அதையும் அவங்கவங்க பேருக்கு மாத்திட்டேன். இனிமே ஒருத்தர் உள்ள போய்ப் பாக்கணும், அவ்வளவுதான்.

மேனேஜர்: இவரையே போகச் சொல்லுங்க. முதல் நம்பர்தானே. மண்ணைக் கவ்வினா முதல்ல இவர் கவ்வட்டும்.

புரூஃப்: நானா... கண்ணாடி எங்க... இருங்க. பேரு அடிச்சாச்சு. பாஸ்வேர்டு... அடிச்சாச்சு.

சிஸ்டம்: என்ன ஆச்சு?

புரூஃப்: ...தப்புங்குது.

மேனேஜர்: போச்சு.

சிஸ்டம்: இன்னொரு தடவை. நிதானமா.

புரூஃப்: ...மறுபடியும் தப்புங்குது. ஐயோ, தப்புங்குதேம்மா.

மேனேஜர்: இவர் அடிச்சுக்கறதைப் பாருங்க. உங்களுக்கு ஏன்ய்யா இந்தத் தவிப்பு? வேலை போறது அவங்களுக்கு.

சிஸ்டம்: சார், கொஞ்சம் சும்மா இருங்க. ...புரூஃப் சார், என்னைப் பாருங்க. வரி சரியா இருக்கு, நான் மூணு தடவை பாத்துட்டேன். நீங்க எந்தப் பாஸ்வேர்டை அடிச்சீங்க?

புரூஃப்: சார் காலைல குடுத்ததுதான். வெல்கம்.

மேனேஜர்: யோவ்.

சிஸ்டம்: உங்க பழசு. நேத்துக்கு முந்தின நாள் வரைக்கும் என்ன அடிச்சீங்களோ அது. நாங்க ரெண்டு பேரும் திரும்பி நிக்கறோம். சார், நீங்களும் திரும்புங்க.

மேனேஜர்: நானுமா?

சிஸ்டம்: மேனேஜரா இருந்தாலும்.

மேனேஜர்: சரி, திரும்பிட்டேன். என்னய்யா ஆச்சு?

புரூஃப்: ...வந்துடுச்சு.

மேனேஜர்: எது?

புரூஃப்: எல்லாம் சார். ‘ம’ முழுசும். ‘மகிழம்பூ’வுல நிறுத்தினேன் முந்தாநாள். கர்சர் அங்கயே நின்னுக்கிட்டிருக்கு. ஒரு எழுத்து போகல. ...அப்படியே இருக்கு சார், அப்படியே.

மேனேஜர்: தள்ளுங்க, நானும் போறேன். எல்லாரும் திரும்புங்க. ...ம். ...ம். இருக்கு. என்னோடதும் இருக்கு. வெளிய போய் எல்லார்கிட்டயும் பழசையே அடிக்கச் சொல்றேன்.

புரூஃப்: ...நீ சாதிச்சுட்டேம்மா.

சிஸ்டம்: உஷ்.

புரூஃப்: எனக்கு மார் வலிக்கற மாதிரி இருக்கு. சந்தோஷத்துல.

சிஸ்டம்: தண்ணி குடிங்க. கண்ணைத் தொடைங்க, வந்துடுவார்.

மேனேஜர்: வந்துட்டேன். எல்லாரும் உள்ள போயாச்சு. ஆனா ஒருத்தன்கூட ஒண்ணும் சொல்லலியே? உக்காந்தாங்க, வேலையைப் பாக்கறாங்க. ஏதோ நடந்துச்சுங்கறதையே மறந்துட்டாங்க.

சிஸ்டம்: அதான் சார் வேணும். என் வேலை நல்லா நடந்தா அது யாருக்கும் தெரியாது.

புரூஃப்: தெரியணும் சார்! ஏன் தெரியக்கூடாது? இந்த வயசுல என்ன நிதானம், என்ன பொறுப்பு. முப்பது பேரோட உழைப்பு சார் இது. நீங்க மெச்சலைன்னாலும் நான் மெச்சுவேன். ...பொதுவா சொல்றேன். ஒரு ஊழியனா.

மேனேஜர்: ஊழியனா. சரி. நல்லா மெச்சுங்க. முதலாளிகிட்ட சொல்லிட்டேம்மா. வெளியாள் வேணாம், நிரந்தரம் பண்ணிடலாம்னுட்டார்.

சிஸ்டம்: சார்... நன்றி சார்.

மேனேஜர்: ஒண்ணே ஒண்ணு. சட்டம் இருக்கு, அதனால கேக்கறேன். இந்த ஆபீஸ்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?

புரூஃப்: இல்ல சார். அவங்களுக்கு இங்க யாருமே கிடையாது.

மேனேஜர்: நான் அவங்களைக் கேட்டேன்.

புரூஃப்: இல்லன்னு சொல்லுங்க மேடம். உண்மைதானே. சொல்லுங்க.

சிஸ்டம்: இருக்காங்க சார். இவர் எங்க அப்பா.

புரூஃப்: ஏம்மா...

சிஸ்டம்: என்னால முடியலப்பா. அவங்கவங்கது அவங்கவங்களுக்குன்னு காலைலேர்ந்து உக்காந்து வரி வரியா சரி பண்ணிட்டு, என் அப்பாவை இன்னொருத்தர்னு எப்படிச் சொல்றது? வேலை போனா போகட்டும் சார்.

மேனேஜர்: அப்பாடா. சொல்லிட்டீங்க. சொல்லாம போயிடுவீங்களோன்னு எனக்குத்தான் பக்குபக்குன்னு இருந்துச்சு.

சிஸ்டம்: உங்களுக்குத் தெரியுமா?

மேனேஜர்: காலைல என் ஃபோல்டர் எனக்குத் திறக்கல. திறந்தது ஒண்ணே ஒண்ணு. உள்ள போனா, பட்டமளிப்பு அங்கி போட்டுக்கிட்டு நீங்க. பக்கத்துல இந்த ஆள், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. எத்தனை வருஷமா கூட வேலை பாக்கறேன், இவருக்கு இவ்வளவு பல் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்.

புரூஃப்: எதையும் பாக்கலைன்னீங்களே சார்?

மேனேஜர்: நீங்களும்தான் சொன்னீங்க.

புரூஃப்: நான் பாக்கல சார். கேட்டேன். ...நீங்க பாடி வெச்சிருக்கற மூணாவது பாட்டு அருமையா இருக்கு. ரூமைப் பூட்டிக்கிட்டுப் பாடறதை விட்டுட்டு வெளிய பாடலாம் நீங்க.

மேனேஜர்: மெதுவா பேசுய்யா!

சிஸ்டம்: சார், அந்தச் சட்டம்...

மேனேஜர்: அந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சு? சிபாரிசு பண்ணி யாரும் யாரையும் உள்ள இழுத்துடக்கூடாதுன்னு. உங்களை எடுக்கறதுக்கு முன்னாடி இங்க இருக்கறவங்கள்ல நாலு பேரைக் கலந்துக்கிட்டேன். மூணு பேர் எடுக்கலாம்னாங்க. எடுக்கவே வேணாம்னு ஒத்தைக் கால்ல நின்னது ஒரே ஒரு ஆள்.

புரூஃப்: சார், அது இப்ப எதுக்கு...

மேனேஜர்: ‘அனுபவம் பத்தாது, அவசரப்படாதீங்க’ன்னார். இந்த ஆபீஸ்ல இவர் பேச்சை நான் தட்டினது அந்த ஒரு தடவைதான். முதலாளிகிட்ட இப்பத்தான் போன்ல சொல்லிட்டு வந்தேன், ‘பெத்த அப்பனே வேணாம்னு சொல்லி, அதையும் மீறி வந்த பொண்ணு சார் இது’ன்னு. அவர் சிரிச்சுட்டார். அந்தச் சட்டத்தை அவர் பாத்துப்பார்.

சிஸ்டம்: ...நீங்க வேணாம்னா சொன்னீங்க? ஆறு மாசமா ஒரே பஸ்ல வரோம். ஒரு வார்த்தை சொல்லலியேப்பா. எனக்கு வேலை தெரியாதுன்னு நெனைச்சீங்களா?

புரூஃப்: தெரியும்னு தெரியும்மா. எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்? நான் எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு நீ பண்ணினதுக்கெல்லாம் நாளைக்கு எவனாவது ‘அப்பன் தயவு’ம்பான். அதை நான் காதால கேக்கணுமா? அதான் வேணாம்னேன். சொல்லிட்டு நேரா மாடிப்படிக்குப் போய் உக்காந்துக்கிட்டு, கடவுளே, இந்த ஒரு தடவை என் பேச்சை யாரும் கேட்டுடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.